ஈஸ்ட்டுக்கு உண்மையிலேயே காற்று வேண்டாமா?

(ஒலி வடிவில் வந்த அத்தியாயத்தின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை வெட்டியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

திருவண்ணாமலையிலிருந்து பேசறேன். இன்னைக்கு ஒரு கேள்வியோட நேரா விஷயத்துக்குப் போயிடலாம்.

எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி படிக்கிற ஒரு தங்கச்சி மெயில் போட்டிருந்தாங்க. சுருக்கமாச் சொல்றேன். "அண்ணா, ஈஸ்ட் ஆக்சிஜன் இல்லாமலும் வளரும்னு எல்லா புத்தகத்துலயும் இருக்கு. நான் மீடியத்துல நைட்ரஜன் வாயுவை ஓட்டி, காற்றை விரட்டிட்டு வளர்த்தேன். முதல் குடுவையில நல்லா வளர்ந்தது. அதுலேர்ந்து ஒரு மில்லி எடுத்து அடுத்த 100 மில்லி குடுவையில போட்டேன், மெதுவா வளர்ந்தது. அதுலேர்ந்து மூணாவதுக்கு மாத்தினேன், கிட்டத்தட்ட நின்னே போச்சு. கல்ச்சர் கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போட்டுட்டு முதல் குடுவை ரிசல்ட்டை மட்டும் ரிப்போர்ட்ல எழுதிடலாமா?"

எழுதாதீங்க தங்கச்சி. உங்க மூணாவது குடுவைதான் உண்மையைச் சொல்லுது. முதல் குடுவைதான் ஏமாத்துது. ஏன்னு பார்ப்போம்.

முதல்ல அடிப்படை

மலை மேல கொப்பரையில எரியற தீபத்துக்குக் காற்று வேணும். காற்றை அடைச்சா அணைஞ்சுடும். நம்ம உடம்பும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். சர்க்கரையை ஆக்சிஜனோட சேர்த்து மெதுவா எரிச்சு சக்தி எடுக்கறோம். இதுக்குப் பேர் சுவாசம்.

ஈஸ்ட்டுக்கு ரெண்டு வழி தெரியும். நாம இங்க பேசறது ரொட்டி, பீர், சாராயம் எல்லாத்துக்கும் பயன்படற சாக்கரோமைசஸ் செரிவிசியேங்கற ஈஸ்ட். காற்று இருந்தா அதால சுவாசிக்க முடியும். இல்லைன்னா நொதித்தல். அதாவது சர்க்கரையைப் பாதியில உடைச்சு, ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளியே தள்ளிட்டு, கிடைச்ச கொஞ்ச சக்தியை வச்சு வாழறது.

கொஞ்சம்னா எவ்வளவு? செல்லுக்குள்ள சக்திக்கான சில்லறைக் காசு ஏ.டி.பி.ங்கற மூலக்கூறு. நொதித்தல்ல ஒரு குளுக்கோஸுக்கு 2 ஏ.டி.பி. மட்டும்தான் கிடைக்கும். சுவாசத்துல அதைவிடப் பல மடங்கு. அது விளைச்சல்ல அப்படியே தெரியும். 20 கிராம் சர்க்கரையைக் காற்றில்லாம கொடுத்தா, காய்ஞ்ச எடையில சுமார் 2 கிராம் ஈஸ்ட் வரும். அதே 20 கிராமைக் காற்றோட, சொட்டுச் சொட்டா, சுவாசம் மட்டுமே நடக்கற மாதிரி கொடுத்தா 10 கிராம் வரைக்கும் வரும். அஞ்சு மடங்கு வித்தியாசம்.

இதை முதல்ல ஒழுங்கா அளந்தவர் லூயி பாஸ்டர். காற்று இருக்கும்போது ஈஸ்ட் குறைஞ்ச சர்க்கரையில நிறைய வளருது, காற்று இல்லாதபோது நிறைய சர்க்கரையைத் தின்னு கொஞ்சமா வளருதுன்னு 1861-ல சொன்னார். ஈஸ்ட் ஆக்சிஜன் இல்லாம வாழும்ங்கற பேச்சு அங்கேர்ந்துதான் வலுவாகுது.

இங்கயே ரெண்டு தப்பான புரிதலைத் தள்ளி வச்சிடலாம். ஒண்ணு, இட்லி மாவு. மாவு பொங்கறது ஈஸ்ட்டாலன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. அங்க பெரிய வேலை செய்யறது லியூகோநாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் மாதிரியான லாக்டிக் பாக்டீரியா. ஈஸ்ட் இருந்தாலும் கதாநாயகன் அது இல்ல.

ரெண்டு, "நுரை வருது, ஆல்கஹால் வாசனை வருது, அப்போ குடுவைக்குள்ள காற்றே இல்லை"ங்கற முடிவு. இது தப்பு. சர்க்கரை தாராளமா இருந்தா, காற்று இருந்தாலும் இந்த ஈஸ்ட் நொதித்தலைத்தான் பண்ணும். கிராப்ட்ரீ விளைவுன்னு சொல்வாங்க. ஹெர்பர்ட் கிராப்ட்ரீ 1929-ல புற்றுநோய்க் கட்டி செல்கள்ல இது மாதிரி ஒண்ணைப் பார்த்தார், அவர் பேரே பிறகு ஈஸ்ட்டுக்கும் வந்துடுச்சு. அதனால பாட்டில் வாயில பலூன் கட்டி அது உப்பறதைக் காட்டற பள்ளிக்கூடப் பரிசோதனை கார்பன் டை ஆக்சைடு வருதுன்னு மட்டும்தான் நிரூபிக்கும். ஆக்சிஜன் இல்லைன்னு நிரூபிக்காது.

ஆக்சிஜனுக்கு ரெண்டு வேலை

இப்போ முக்கியமான இடம். ஆக்சிஜன்னா சக்திக்குத்தான்னு நாம பழகிட்டோம். செல்லுக்குள்ள அதுக்கு இன்னொரு வேலையும் இருக்கு. அது கட்டுமானப் பொருள். வீடு கட்டும்போது விறகும் வேணும், சிமெண்டும் வேணும்னு வச்சுக்கோங்க. விறகுக்குப் பதிலா வேற எரிபொருள் கிடைச்சாலும், சிமெண்ட் இல்லைன்னா சுவர் எழும்பாது.

அந்தச் சுவர் செல் சவ்வு. அது கொழுப்பால ஆனது. மார்கழி மாசக் குளிர்ல நெய் உறைஞ்சு போகும், நல்லெண்ணெய் உறையாது இல்லையா? நெய்யில நிறைவுற்ற கொழுப்பு அதிகம், நல்லெண்ணெய்ல நிறைவுறாக் கொழுப்பு அதிகம். நிறைவுறாக் கொழுப்போட சங்கிலியில ஒரு வளைவு இருக்கும். அதனால அது நெருக்கமா அடுக்கிக்காது, இளகியே இருக்கும். செல் சவ்வும் இளகி இருந்தாத்தான் உள்ளே வெளியே போக்குவரத்து நடக்கும். அந்த வளைவைப் போடற என்சைமுக்கு ஆக்சிஜன் மூலக்கூறு நேரடியா வேணும்.

சவ்வுல இன்னொரு பொருள் எர்கோஸ்டெரால். நம்ம செல்லுக்குக் கொலஸ்ட்ரால் எப்படியோ, ஈஸ்ட்டுக்கு அது அப்படி. ஸ்குவாலீன்ங்கற பொருள்லேர்ந்து பல படியில இதைச் செய்யணும். கணக்குப் போட்டா, ஒரு எர்கோஸ்டெரால் மூலக்கூறு கட்ட 12 ஆக்சிஜன் மூலக்கூறு செலவாகும். ஆக்சிஜன் இல்லைன்னா வேலை ஸ்குவாலீன்லயே நின்னுடும். மேல போக வழியே கிடையாது.

இதைக் கண்டுபிடிச்சவங்க அமெரிக்காவுல ஆண்ட்ரியாசன், ஸ்டியர்னு ரெண்டு பேர். காற்றில்லாத ஈஸ்ட்டுக்கு எர்கோஸ்டெராலை வெளியேர்ந்து கொடுத்தா வளருதுன்னு 1953-ல எழுதினாங்க. ஒலீயிக் அமிலம் மாதிரி நிறைவுறாக் கொழுப்பு அமிலமும் வேணும்னு 1954-ல எழுதினாங்க. பாஸ்டருக்கும் இதுக்கும் நடுவுல 90 வருஷத்துக்கு மேல ஓடிப்போச்சு.

ஏன் இவ்வளவு நாள் யார் கண்ணுலயும் சரியாப் படலை? தங்கச்சியோட முதல் குடுவை ஏமாத்தின அதே காரணம்தான்.

கேஷ்ல ஓடற புரோகிராம்

நம்ம சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கு இது உடனே புரியும். என் லேப்டாப்ல ஓடுது, சர்வர்ல போட்டா ஓடலைன்னு ஒரு பிரச்சினை வரும். தேடிப் பார்த்தா, எப்பவோ டவுன்லோட் பண்ணின ஒரு லைப்ரரி லேப்டாப் கேஷ்ல இருக்கும். புது மெஷின்ல அது இருக்காது. புரோகிராம் அந்த லைப்ரரியை நம்பித்தான் இருக்குங்கறதே கேஷ் காலியாகற வரைக்கும் தெரியாது.

ஈஸ்ட்டுக்கும் கேஷ் உண்டு. நீங்க முதல் குடுவையில போட்ட ஈஸ்ட் எங்கேர்ந்து வந்தது? காற்றோட்டமா வளர்ந்த பிளேட்லேர்ந்து. அதோட சவ்வுல எர்கோஸ்டெரால் நிறைய இருக்கும், கூடுதலும் கையிருப்புல இருக்கும். காற்றில்லாத குடுவைக்குள்ள போனதும் அது பிரியும்போது அந்தச் சொத்தைப் பாதி பாதியாப் பங்கு போட்டுக்கும். ஒரு தலைமுறைக்கு அப்புறம் பாதி, ரெண்டுக்கு அப்புறம் கால், அஞ்சு தலைமுறைக்கு அப்புறம் 32-ல ஒரு பங்கு. புதுசா எதுவும் சேராது.

ஒரு மில்லியை 100 மில்லியில போட்டு, பழைய அளவுக்கு வளர விட்டா, அது சுமார் ஆறரைத் தலைமுறை. முதல் குடுவை கையிருப்புல ஓடியிருக்கு, கூடவே மிச்சம் மீதி ஆக்சிஜன்லயும். ரெண்டாவதுல இழுத்துப் பிடிச்சிருக்கு. மூணாவதுக்கு வரும்போது, முதல் குடுவையில இருந்ததே 10,000-ல ஒரு பங்கா நீர்த்துப் போயிருக்கும். அப்புறம் எதை வச்சுச் சவ்வு கட்டும்?

மிச்சம் மீதி ஆக்சிஜன்னு லேசாச் சொல்லிட்டேன். அதையும் கணக்குப் போடுவோம். 30 டிகிரியில, காற்றோட சமநிலையில இருக்கிற ஒரு லிட்டர் தண்ணியில சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைஞ்சிருக்கும். அது முழுக்க எர்கோஸ்டெரால் செய்யவே போனதுன்னு வச்சுக்கிட்டா, 12-க்கு ஒண்ணு கணக்குல கிட்டத்தட்ட 7.7 மில்லிகிராம் எர்கோஸ்டெரால் கிடைக்கும். ஆய்வகங்கள்ல காற்றில்லாம வளர்க்க ஒரு லிட்டருக்குச் சேர்க்கற அளவே 10 மில்லிகிராம்தான்! அதாவது நீங்க காற்றை விரட்டாம விட்ட சாதாரணத் தண்ணியே தேவையில முக்கால் பங்கைக் கொடுத்துடும். சுவாசிக்கப் பத்தாத ஆக்சிஜன் சவ்வு கட்டப் போதும். "கொஞ்சம்தானே"ன்னு விட முடியாது.

அப்போ எப்படித்தான் வளர்க்கறது?

பேனா எடுத்துக்கோங்க.

முதல்ல மீடியம். வழக்கமான சர்க்கரை, நைட்ரஜன் சத்து, உப்புகள், வைட்டமின்கள். வைட்டமின்கள்ல நிகோடினிக் அமிலமும் பான்டோதெனிக் அமிலமும் கட்டாயம் இருக்கணும். ஏன்னா ஈஸ்ட் அதைத் தானாச் செய்யற வழியிலயும் ஆக்சிஜன் குறுக்கே வருது. இதுக்கு மேல லிட்டருக்கு 10 மில்லிகிராம் எர்கோஸ்டெராலும், 420 மில்லிகிராம் ட்வீன் 80-ம். ட்வீன் 80 ஐஸ்கிரீம்லகூடச் சேர்க்கற பொருள்தான். ஒலீயிக் அமிலம் அதுலேர்ந்து கிடைக்கும். எர்கோஸ்டெரால் தண்ணியில கரையாது. அதனால ரெண்டையும் சுத்தமான எத்தனால்ல சூடாக்கிக் கரைச்சு மீடியத்துல விடணும்.

இன்னொரு விசித்திரம் கேளுங்க. ஆக்சிஜன் இருக்கும்போது இந்த ஈஸ்ட் வெளியிலேர்ந்து ஸ்டெராலை உள்ளே எடுக்காது. ஆக்சிஜன் இல்லாதபோதுதான் கதவைத் திறக்கும். அதனால எர்கோஸ்டெரால் கொடுத்துட்டேன்ங்கறதால காற்றை விரட்டற வேலையில சலுகை கிடையாது.

அடுத்து, ஓட்டைகள். சாதாரண சிலிக்கான் டியூப் பார்க்க இறுக்கமா இருக்கும், ஆனா ஆக்சிஜன் அதோட சுவர் வழியாவே ஊடுருவி வரும். வாயு கசியாத ரகமா வாங்குங்க, நீளத்தைக் குறைங்க. நைட்ரஜன் சிலிண்டர்லயும் துளி ஆக்சிஜன் இருக்கும், அதனால உயர் தூய்மை கொண்டதையே வாங்கணும். தண்ணீர் நிரப்பின ஏர்லாக் காற்றைத் தடுக்கும், ஆனா ஆக்சிஜன் தண்ணியில கரைஞ்சு மெதுவா உள்ளே வரத்தான் செய்யும்.

இருக்கா இல்லையான்னு பார்க்க ரெசசூரின்னு ஒரு சாயம் இருக்கு. நீலத்துலேர்ந்து இளஞ்சிவப்பாகி, ஆக்சிஜன் போகப் போக நிறமே இல்லாம ஆகும். திரும்ப இளஞ்சிவப்பு தெரிஞ்சா எங்கயோ கசிவு. ஆனா நிறம் போயிடுச்சுங்கறதால ஆக்சிஜன் பூஜ்யம்னு அர்த்தம் இல்லை. ரொம்பச் சின்ன அளவை அந்தச் சாயம் காட்டாது.

பாதுகாப்பு. குடுவையை முழுசா அடைச்சு வைக்காதீங்க. ஒரு லிட்டர்ல 20 கிராம் குளுக்கோஸ் முழுக்க நொதிச்சா, அதிகபட்சம் அஞ்சரை லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வரும். கண்ணாடி வெடிச்சுடும். வாயு வெளியே போக வழி வேணும், காற்று உள்ளே வர வழி இருக்கக் கூடாது. நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது. மூடின சின்ன ரூம்ல கசிஞ்சா மூச்சு முட்டறதே தெரியாம மயக்கம் வரும். ஜன்னலைத் திறந்து வச்சு வேலை செய்யுங்க.

அப்புறம் ஒப்பீடு. குறைஞ்சது மூணு குடுவை. ஒண்ணு காற்றோட. ரெண்டாவது நைட்ரஜன் மட்டும். மூணாவது நைட்ரஜன், கூடவே எர்கோஸ்டெராலும் ட்வீன் 80-ம். மூணாவதுல எத்தனால் சேருதே, அதே அளவு எத்தனாலை மத்த ரெண்டுலயும் சேருங்க. இல்லைன்னா வித்தியாசம் எதனால வந்ததுன்னு சொல்ல முடியாது. ஒவ்வொண்ணையும் மூணு நாலு முறை புதுக் குடுவைக்கு மாத்துங்க. ரெண்டாவது வரிசை நின்னு, மூணாவது வரிசை தொடர்ந்து வளர்ந்தா, உங்க கையில நல்ல ரிசல்ட் இருக்குன்னு அர்த்தம்.

ஒவ்வொரு முறையும் மைக்ராஸ்கோப்ல பாருங்க. லாக்டிக் பாக்டீரியா புகுந்திருந்தா அது ஆக்சிஜன் இல்லாம ஜாலியா வளரும், நீங்க ஈஸ்ட் வளருதுன்னு நினைச்சுப்பீங்க. கடையில வாங்கற பேக்கரி ஈஸ்ட்ல இந்த ஆபத்து உண்டு. சண்டிகர்ல எம்.டி.சி.சி., புனேவுல என்.சி.ஐ.எம். ரெண்டும் நுண்ணுயிர்ச் சேமிப்பகங்கள். காலேஜ் மூலமா எழுதிக் கேட்டா, அடையாளம் தெரிஞ்ச கல்ச்சரை விலைக்கு வாங்கலாம்.

ரிப்போர்ட்ல இப்படி எழுதலாம்: "ஆக்சிஜன் நீக்கப்பட்ட மீடியத்தில், ஸ்டெரால் சேர்க்காத நிலையில், தொடர் மாற்றங்களில் வளர்ச்சி குறைந்தது." எத்தனை மாற்றம், ஒவ்வொண்ணுலயும் எவ்வளவு வளர்ச்சி, டியூப் எந்த ரகம், நைட்ரஜன் எவ்வளவு தூய்மை, எல்லாத்தையும் போடுங்க. முதல் குடுவையை மட்டும் போட்டா, அடுத்து அதைப் படிச்சுட்டுச் செய்யறவங்களும் இதே குழப்பத்துலதான் வந்து நிப்பாங்க.

இது ஆய்வகத்தோட முடியற விஷயமா?

இல்லை. நம்ம மாவட்டத்துல கரும்பு உண்டு, செய்யாறுல கூட்டுறவு சர்க்கரை ஆலை உண்டு. சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சற கரும்பாகுதான் மொலாசஸ். நாட்டுல எத்தனாலோட முக்கிய மூலப்பொருள்கள்ல அது ஒண்ணு. பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் கலக்கறதுக்கு 2030-ன்னு வச்சிருந்த இலக்கை மத்திய அரசு 2025-க்கு முன்னாடி இழுத்துச்சு. அந்த எத்தனாலைச் செய்யறது இதே ஈஸ்ட்தான்.

எத்தனால் ஆலைக்கு வேண்டியது ஆல்கஹால். ஈஸ்ட் எடை கூடினா அது சர்க்கரை நஷ்டம். 180 கிராம் குளுக்கோஸ்லேர்ந்து அதிகபட்சம் 92 கிராம் எத்தனால்தான் வரும், மீதி 88 கிராம் கார்பன் டை ஆக்சைடாப் போயிடும். ஈஸ்ட் தன் உடம்புக்கு எடுக்கற ஒவ்வொரு கிராமும் இந்த 92-லயும் கை வைக்கும். அப்போ காற்றை மொத்தமா அடைச்சுடலாமா? அடைச்சா நொதித்தல் பாதியில நொண்டும். ஏன்னா ஆல்கஹால் ஏற ஏற சவ்வுக்கு அடி விழும். எர்கோஸ்டெரால் இல்லாத சவ்வு அதைத் தாங்காது.

அதனால முதல்ல சின்னத் தொட்டிகள்ல காற்று செலுத்தி ஈஸ்ட்டை வளர்ப்பாங்க. அங்க அது கையிருப்பை நிரப்பிக்கும். பிறகுதான் பெரிய தொட்டி. பீர் செய்யறவங்க ஆரம்பத்துல கரைசல்ல காற்று ஏத்தறதும் இதே கணக்குதான். பேக்கரி ஈஸ்ட் ஆலைக்காரங்க நேர் எதிர்: அவங்களுக்கு ஈஸ்ட்டேதான் சரக்கு, அதனால காற்றை நிறுத்தாம ஊதிக்கிட்டே சர்க்கரையைச் சொட்டுச் சொட்டா விடுவாங்க. ஒரே உயிர், ரெண்டு தொழிற்சாலை. காற்றுக் குழாயோட வால்வுதான் வித்தியாசம்.

ரெண்டு சின்னக் கேள்வி

"எர்கோஸ்டெரால் இல்லாமலே வளர்ற மாதிரி ஈஸ்ட்டை மாத்த முடியாதா?" முடிஞ்சிருக்கு. நெதர்லாந்துல டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துல, டெட்ராஹைமினாங்கற ஒரு செல் உயிரோட மரபணு ஒண்ணை ஈஸ்ட்டுக்குள்ள வச்சாங்க. அந்த என்சைம் ஸ்குவாலீனை ஆக்சிஜன் இல்லாமலே டெட்ராஹைமனால்னு ஒரு பொருளா மாத்தும். ஸ்டெராலோட வேலையை அது ஓரளவு பார்த்துக்கும். 2020-ல இதை வெளியிட்டாங்க.

"1954-ல சொன்ன கொழுப்பு அமில விஷயம் இன்னும் செல்லுமா?" அதே டெல்ஃப்ட் குழு 2019-ல ஆக்சிஜன் கசிவை ரொம்பக் கவனமாக் கட்டுப்படுத்திப் பார்த்தாங்க. தாங்க வச்சிருந்த ஈஸ்ட் ரகம், நிறைவுறாக் கொழுப்பு அமிலம் கொடுக்காமலே காற்றில்லாம வளருதுன்னு காட்டினாங்க. 60 வருஷத்துக்கு மேல எல்லாரும் ரெண்டும் கட்டாயம்னு சேர்த்துக்கிட்டு இருந்தோம். சேர்க்கறது இன்னும் நல்லதுதான், ஆனா கட்டாயம்ங்கற வார்த்தை அந்த ரகத்துக்குப் பொருந்தலை. கசிவைப் பத்தி நான் இவ்வளவு நேரம் பேசினது இதுக்காகத்தான். ஆக்சிஜன் இல்லைன்னு ஒருத்தர் சொன்னா, எவ்வளவு இல்லை, எப்படித் தெரியும், எத்தனை தலைமுறைக்குன்னு கேளுங்க.

இன்னைக்கு இவ்வளவுதான். இந்த மாதிரி உங்க லேப்ல, ஆலையில, அடுப்படியில புத்தகத்தோட ஒத்துப் போகாத ஏதாவது நடந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த அத்தியாயத்துல பதநீர்ப் பானைக்கு ஏன் சுண்ணாம்பு தடவறோம்னு பேசுவோம்.